12 மில்லிமீட்டர் தைரியம்!

உங்கள் ஆபீஸில் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற சுவர் ஒன்று இருக்கிறது. எம்.டி. அறையின் கண்ணாடிச் சுவரைச் சொல்லவில்லை. ஒரு சொல்கூட வெளியே கசியாது என்று சத்தியம் செய்து கட்டிய மீட்டிங் ரூம் சுவரையும் சொல்லவில்லை. ரெஸ்ட் ரூமில் உங்களுக்கும் அக்கவுன்ட்ஸ் மேனேஜருக்கும் நடுவில் நிற்கிறதே, அந்தப் பலகை! தடிமன் 12 மில்லிமீட்டர். அரை அங்குலம்கூட முழுசாக இல்லை. அதை நம்பித்தான் தினமும் மானத்தை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக உட்காருகிறோம்.

இந்தப் பலகையை எதில் செய்கிறார்கள், எப்படி நிற்க வைக்கிறார்கள், கீழே எதற்காகத் திறந்து விடுகிறார்கள், கதவு எப்படித் தானாகச் சாத்திக்கொள்கிறது என்று கேட்க ஆரம்பித்தேன். ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை. நேரே போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பிவிட்டேன்.

பழைய மகாபலிபுரம் சாலையில், இன்னும் ஆள் குடிவராத ஓர் அலுவலகக் கட்டடம். அதில் பெண்கள் ரெஸ்ட் ரூம். டைல்ஸ் ஒட்டியாயிற்று, விளக்கு எரிகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது. ஒரே ஒரு குறைதான். பத்து வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, நடுவில் ஒன்றுமே இல்லை. இந்த முனையில் நின்றால் அந்த முனை வரை பளிச்சென்று தெரிகிறது! சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரிக்காதீங்க மேடம். நாளைக்கு வந்து பாருங்க, எல்லாத்துக்கும் கதவு வந்துரும்" என்றார் ஃபிட்டர் அண்ணன், வாயில் பென்சிலைக் கடித்தபடியே.

சும்மா கிடைத்த பத்தாவது அறை

செங்கல் வைத்துச் சுவர் எழுப்பினால் என்ன? அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்திலும் சினிமா தியேட்டரிலும் அப்படித்தானே இருந்தது? இருந்தது. ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நாலரை இன்ச் சுவர், இரண்டு பக்கமும் பூச்சு, அதற்கு மேல் இரண்டு பக்கமும் டைல்ஸ். எல்லாம் சேர்ந்தால் சுமார் 150 மில்லிமீட்டர். பலகை என்றால் 12. ஒரு தடுப்புக்கு 138 மில்லிமீட்டர் மிச்சம். பத்துக் கோப்பைக்கு நடுவில் ஒன்பது தடுப்பு. ஆக மொத்தம் 1,242 மில்லிமீட்டர் மிச்சம். ஓர் அறையின் அகலம் வழக்கமாக 900 மில்லிமீட்டர்தான். அதாவது, செங்கல் சுவர் கட்டியிருந்தால் இதே இடத்தில் பத்து அறைக்கு வழியே இல்லை. பலகை வைத்ததால் பத்தாவது அறை சும்மா கிடைத்துவிட்டது. இடைவேளை நேரத்தில் பெண்கள் வரிசையில் கால் மாற்றி நின்ற யாருக்கும் இந்தப் பத்தாவது அறையின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

கூட்டத்துக்குக் கழிவறை கட்டும் தலைவலி புதிதல்ல. 1851-ல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் கட்டணக் கழிவறைகளை அமைத்தார். ஆளுக்கு ஒரு பென்னி. கணக்கில் வந்தவர்கள் 8,27,280 பேர்! காசு கொடுத்தாவது ஒரு கதவுக்குப் பின்னால் போக ஜனம் தயாராக இருக்கிறது என்பது அன்றைக்கே ருசுவாகிவிட்டது.

அடுத்த கலாட்டா அமெரிக்காவில். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட், பஃபலோ நகரில் லார்க்கின் நிறுவனத்துக்கு ஓர் அலுவலகம் கட்டினார். 1906-ல் முடிந்தது. கோப்பையைச் சுவரிலிருந்து நீட்டினார், தடுப்புகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். தரையில் எதுவும் ஊன்றவில்லை. துடைப்பம் தடையில்லாமல் போய்வரட்டும் என்பதுதான் யோசனை. அந்தக் கட்டடத்தை 1950-ல் இடித்துவிட்டார்கள். தொங்கும் தடுப்பு மட்டும் உலகம் முழுக்க இன்றும் வேலையில் இருக்கிறது.

காகிதத்தில் செய்த சுவர்

சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்த ஒரு கதவைத் தூக்கிப் பார்த்தேன். தூக்கினேன் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். நகர்த்தினேன். 600 மில்லிமீட்டர் அகலம், 1,850 மில்லிமீட்டர் உயரம், எடை சுமார் 18 கிலோ. "மரமா அண்ணே?" என்று கேட்டேன்.

"பேப்பர் மேடம்!"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். நிஜமாகவே காகிதம்தான்! பார்சல் கட்டுகிற பழுப்பு நிற கிராஃப்ட் காகிதத்தை ஃபீனாலிக் பிசினில் முக்கி, உலர்த்தி, பல பத்துத் தாள்களை அப்பளக் கட்டாக அடுக்குகிறார்கள். மேலேயும் கீழேயும் நிறமோ மரவரியோ அச்சடித்த ஒரு தாள், மெலமைன் பிசினில் நனைத்தது. பிறகு இரும்புத் தகடுகளுக்கு நடுவே வைத்து 120 டிகிரிக்கு மேல் சூடாக்கி, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோவுக்கு மேல் அழுத்தம் கொடுக்கிறார்கள். பிசின் உருகி, ஓடி, இறுகிவிடும். அதன் பிறகு எத்தனை சூடு வைத்தாலும் திரும்ப உருகாது. வெளியே வருவது தண்ணீரில் போட்டால் மூழ்கிப்போகிற காகிதம். அதன் அடர்த்தி தண்ணீரைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல்!

இதன் தம்பி உங்கள் வீட்டிலேயே இருக்கிறான். சமையலறை அலமாரிக் கதவில் பிளைவுட் மேல் ஒட்டியிருக்கிற சன்மைக்காவும் இதே குடும்பம்தான். அது ஒரு மில்லிமீட்டரோடு நின்றுவிடும், தாங்கிப் பிடிக்க பிளைவுட் வேண்டும். இது தாளை அடுக்கிக்கொண்டே போய்த் தன் காலில் தானே நிற்கிறது. சைட்டில் இதற்கு 'எச்.பி.எல்.' என்று பெயர், கொஞ்சம் விவரமானவர்கள் 'காம்பேக்ட்' என்பார்கள். குடும்பத்தின் பூர்வீகம் லியோ பேக்லேண்ட் 1907-ல் கண்டுபிடித்த பேக்லைட் பிசின். 1913-ல் ஃபார்மிகா கம்பெனி தொடங்கியபோது இந்தத் தகடுகளுக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் மின்சார இன்சுலேஷன். கழிவறைப் பதவியெல்லாம் பின்னால் வந்த பிரமோஷன்.

சாதா பிளைவுட்டோ மரத்தூள் பலகையோ போதாதா? குளிர் நாட்டில் மாப் போட்டுத் துடைத்தால் முடிந்தது. நம் ஊரில் கழிவறையைத் துடைத்தால் யாருக்கும் திருப்தி வராது, கழுவ வேண்டும். பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர், ஆசிட், தென்னந்துடைப்பம். போதாக்குறைக்கு ஒவ்வோர் அறையிலும் ஒரு ஹெல்த் ஃபாசெட். மரத்தூள் பலகை இதைக் கண்டால் அடியிலிருந்து ஊறி, உப்பி, ஓரம் பிரிந்து, ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் மூட்டை கட்டிவிடும். காம்பேக்ட் பலகை அசையாது. உள்ளே தண்ணீர் புகுவதற்கு ஓட்டையே இல்லையே!

அதன் ஓரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? முன்பக்கம் வெள்ளை, சாம்பல், தேக்கு நிறம் என்று என்ன வேஷம் போட்டாலும் ஓரம் மட்டும் கன்னங்கரேல் என்றிருக்கும். அது பெயின்ட் இல்லை. பிசினில் வெந்த கிராஃப்ட் காகிதத்தின் நிறம். ஓரத்துக்குப் பட்டி ஒட்ட வேண்டாம். கூர் முனையைச் சாய்த்து இழைத்து, மெருகேற்றினால் போதும். அறுக்கிற பிளேடுகளுக்குத்தான் போதாத காலம். மரத்துக்கான பிளேடு இதில் சீக்கிரமே மழுங்கிப்போகும்.

வாட்டத்தோடு ஒரு மல்லுக்கட்டு

பொருத்தும் வேலை தொடங்கியது. முதல் ஆச்சரியம்: ஃபிட்டர் அண்ணன் தரையை நம்பவே மாட்டார்.

கழிவறைத் தரை ஒருநாளும் மட்டமாக இருக்காது, இருக்கவும் கூடாது. தண்ணீர் வடிய வாட்டம் வேண்டும். ஒரு மூலையில் தண்ணீர் இறங்கும் நஹானி ட்ராப், மொத்தத் தரையும் அதை நோக்கிச் சாயும். ஆனால் பலகையின் மேல்விளிம்பு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நூல் பிடித்த மாதிரி ஓட வேண்டும். கீழே சாய்வு, மேலே மட்டம். எப்படி?

இரகசியம் காலில் இருக்கிறது. முன்பக்கப் பலகைகளின் அடியில் சின்னச் சின்ன ஸ்டீல் கால்கள். உள்ளே ஒரு திருகு. திருகினால் கால் நீளும், மாற்றித் திருகினால் குட்டையாகும். அண்ணன் சுவரில் லேசர் கோடு அடித்தார். உதவிக்கு வந்த தம்பி தரையில் படுத்து ஒவ்வொரு காலாகத் திருகினார். "கொஞ்சம் ஏத்து... போதும்... அரைச் சுத்து இறக்கு." பத்து அறைக்கும் இந்த வசனம்தான். வேலை முடிந்து பார்த்தால் ஒரு கோடி அறையின் காலைவிட மறு கோடி அறையின் கால் கண்ணுக்குத் தெரிகிற அளவு நீளம். ஆனால் யாரும் காலைப் பார்க்க மாட்டார்கள். மேல்விளிம்பு நேராக இருந்தால் கண் சமாதானமாகிவிடும்.

சுவரும் அப்படித்தான். எந்த மேஸ்திரி கட்டிய சுவராக இருந்தாலும் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் எங்கேயாவது சில மில்லிமீட்டர் இடிக்கும். அதனால்தான் டைல்ஸ் ஒட்டி முடிந்த பிறகே அளவெடுத்துப் பலகையை ஃபேக்டரியில் அறுக்கச் சொல்கிறார்கள். பிளானைப் பார்த்து அறுத்த பலகை சைட்டில் வந்து முழிக்கும். மிச்சக் கோணலை மறைக்கச் சுவரோரம் ஒரு யூ சேனல். பலகையின் விளிம்பு அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், சுவரின் லட்சணம் வெளியே தெரியாது.

இத்தனைக்குப் பிறகும் ஒவ்வொரு முன்பலகையும் தனித்தனியாகத் தொட்டால் ஆடியது. எனக்குத் திக்கென்றது. "இருங்க மேடம்" என்று சொல்லி, மேலே நீளவாக்கில் ஓர் அலுமினியச் சட்டத்தைப் பொருத்தினார். ஹெட் ரெயில். அவ்வளவுதான்! பத்து அறையும் கைகோத்துக்கொண்டன. இப்போது ஒன்றைத் தள்ளினால் பத்தையும் தள்ள வேண்டும். உறுதி என்று நாம் நினைப்பதில் பாதி பலகையின் தடிமனில் இல்லை, உச்சந்தலைக்கு மேலே யாரும் கவனிக்காமல் ஓடுகிற இந்தச் சட்டத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் இந்தச் சட்டத்துக்கு ஒரு கூடுதல் குறும்பு உண்டு. அதன் மேல்பக்கத்தைக் கைப்பிடிக்கு வாகில்லாத வடிவத்தில் செய்கிறார்கள். ஏன்? பள்ளிப் பிள்ளைகள் பிடித்துத் தொங்குவார்களாம்!

இருநூறு மில்லிமீட்டர் நாட்டியம்

கதவைத் திறந்து, பையை மார்போடு அணைத்து, கோப்பைக்கும் கதவுக்கும் நடுவே பக்கவாட்டில் நழுவி, வயிற்றை எக்கிக் கதவைச் சாத்துகிற ஒரு நாட்டியம் இருக்கிறதே, அது உங்கள் உடம்பின் குற்றமில்லை. கணக்கின் குற்றம்.

அறையின் ஆழம் வழக்கமாக 1,500 மில்லிமீட்டர். வெஸ்டர்ன் கோப்பை பின்சுவரிலிருந்து 700 நீட்டிக்கொண்டிருக்கும். மீதி 800. கதவின் அகலம் 600, அது உள்பக்கம் திறக்கிறது. கதவின் வீச்சு போக உங்கள் காலுக்கு மிஞ்சுவது 200 மில்லிமீட்டர். ஒரு செருப்பின் நீளம்கூட இல்லை!

அப்புறம் ஏன் உள்பக்கம் திறக்க வேண்டும்? வெளியே திறந்தால் கை கழுவ நிற்பவரின் முதுகில் இடிக்கும். தாழ்ப்பாள் சரியாக விழாவிட்டாலும் உள்ளே இருப்பவர் காலால் உதைத்துப் பிடிக்கலாம் (பிடிக்காதவர் யார்?). ஆனால் உள்ளே ஒருவர் மயங்கிக் கதவின் மேலேயே விழுந்துவிட்டால்? அதற்குத்தான் நல்ல கீல்களில் ஓர் ஏற்பாடு உண்டு: வெளியிலிருந்து கதவை மேலே தூக்கிக் கழற்றிவிடலாம். சக்கர நாற்காலி அறைக்கு உள்பக்கக் கதவு சரிப்படாது. அமெரிக்க ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின் விதிகள் அந்த அறைக்குக் குறைந்தது 60 அங்குல அகலம் கேட்கின்றன. அந்த இடத்துக்குள் கதவு மூக்கை நுழைக்கவும் கூடாது.

கீலைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கதவில் ஸ்பிரிங்கே கிடையாது. ஆனாலும் தானாகச் சாத்துகிறது! கீலுக்குள் சாய்வாகச் சீவிய இரண்டு நைலான் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன. கதவைத் தள்ளும்போது மேல் துண்டு சரிவில் ஏறும், கதவும் கொஞ்சம் மேலே எழும்பும். விட்டதும் தன் 18 கிலோ எடையாலேயே சறுக்கி இறங்கிப் பழைய இடத்துக்கு வரும். அந்தப் பழைய இடம் எது என்பதை ஃபிட்டர் முடிவு செய்யலாம். முழுதாகச் சாத்தி நிற்கிற மாதிரியும் வைக்கலாம், லேசாகத் திறந்து நிற்கிற மாதிரியும் வைக்கலாம். இரண்டாவதுதான் புத்திசாலித்தனம். திறந்திருந்தால் காலி, சாத்தியிருந்தால் ஆள். தட்டிப் பார்க்கவும் வேண்டாம், உள்ளேயிருந்து செருமவும் வேண்டாம்.

மானம் இடுக்கில் இருக்கிறது

இப்போது விஷயத்துக்கு வருவோம். பலகையைப் பற்றி இவ்வளவு பேசினாலும் இந்தத் தொழிலில் உண்மையான சண்டை பலகை இல்லாத இடத்தைப் பற்றித்தான். கீழே எவ்வளவு திறப்பு? மேலே எவ்வளவு? கதவுக்கும் முன்பலகைக்கும் நடுவே எவ்வளவு?

அமெரிக்கா போய்வந்தவர்கள் தாஜ்மகாலைக் கண்ட மாதிரி விவரிப்பது அங்குள்ள கழிவறை இடுக்குகளைத்தான். வழக்கமான அமெரிக்கக் கதவின் உயரம் 58 அங்குலம். தரையிலிருந்து 12 அங்குலம் தூக்கி நிறுத்தியிருப்பார்கள். கீழே பார்த்தால் பக்கத்து அறையின் ஷூ, சாக்ஸ், சில சமயம் பிராண்டு வரை தெரியும். மேல்விளிம்பு 70 அங்குலத்தில் முடிந்துவிடும், ஆறடி ஆள் நிமிர்ந்தால் நலம் விசாரிக்கலாம். கதவோரத்திலும் ஒரு செங்குத்துக் கோடு வெளிச்சம். காரணம் கேட்டால் வரிசையாகச் சொல்வார்கள்: மாப் போக வேண்டும், காற்று வர வேண்டும், உள்ளே யாராவது விழுந்தால் தெரிய வேண்டும், ஒரே அளவில் செய்து வைத்தால் எந்தக் கட்டடத்திலும் கோணல் பார்க்காமல் மாட்டிவிடலாம், விலையும் குறையும். எல்லாமே நியாயம்தான். உட்காருகிறவரைத்தான் யாரும் கேட்கவில்லை.

அந்த 12 அங்குலத்தை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவந்தால் என்ன ஆகும்? பக்கத்து அறையில் ஒருவர் ஹெல்த் ஃபாசெட்டைத் திறந்தால் உங்கள் பாதத்துக்கு அபிஷேகம்! அதனால் இங்கே கால் உயரம் 100 முதல் 150 மில்லிமீட்டர். கழுவிய தண்ணீர் வெளியே ஓடும், தெறிக்கிற தண்ணீர் உள்ளேயே நிற்கும். மொத்த உயரம் 2,000 மில்லிமீட்டர் அல்லது அதற்குச் சற்று மேல். எட்டிப் பார்க்க நாற்காலி வேண்டும். செல்போன் கேமரா வந்த பிறகு இந்த இரண்டு அளவும் சொகுசு என்ற கணக்கிலிருந்து பாதுகாப்பு என்ற கணக்குக்கு மாறிவிட்டன. ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் குற்றம். பலகை சரியாக இருந்தால் சட்டத்துக்கு வேலை குறையும்.

கதவோரத்து வெளிச்சக் கோட்டை என்ன செய்வது? அண்ணன் ஒரு கதவையும் முன்பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கதவின் 12 மில்லிமீட்டர் ஓரத்தில் வெளிப்பாதியைச் செதுக்கியிருந்தார்கள், முன்பலகையின் ஓரத்தில் உள்பாதியை. இரண்டும் படிக்கட்டு வடிவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன. இடைவெளி இருக்கிறது, கதவு உரசாமல் ஆடுகிறது. ஆனால் நேர்கோட்டில் பார்வை போக வழியில்லை. இடுக்கு இருக்கும், இடுக்கு வழியாக எதுவும் தெரியாது. ஆறு மில்லிமீட்டர் ஆழத்துக்குச் செதுக்கியதில் முழு நிம்மதி! என் வாயிலிருந்து 'அடடா' தானாக வந்துவிட்டது.

பலகைக்காரர்கள் எவ்வளவு சாமர்த்தியமாக இருந்தாலும் டைல்ஸ்காரர் காட்டிக்கொடுத்துவிடலாம். தரையில் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்ட டைல்ஸ் ஒட்டினால், அந்த 150 மில்லிமீட்டர் திறப்பில் பக்கத்து அறை பிரதிபலிக்கும். மங்கலான, வழுக்காத டைல்ஸ்தான் சரி. காலுக்கும் நல்லது, மானத்துக்கும் நல்லது. விளக்கு இன்னொரு வில்லன். வரிசைக்குப் பின்னால் ஒரே விளக்கு வைத்தால் உள்ளே இருப்பவரின் நிழல் முன்தரையில் சினிமா காட்டும். ஒவ்வோர் அறைக்கும் தலைக்கு மேல் ஒரு விளக்கு இருந்தால் நிழல் அவரவர் காலடியிலேயே கிடக்கும்.

காது கேட்கும் சுவர்

கண்ணை மறைத்தாயிற்று. காதை? இங்கேதான் பலகை கைவிரித்துவிடுகிறது. ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே போதும், மீதி எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் சத்தத்தைக் குறைக்க முடியாது. நம் அறையிலோ கீழே ஒரு திறப்பு, மேலே கூரை வரை இன்னொரு திறப்பு. ஆகவே எல்லாம் எல்லோருக்கும் கேட்கும். எல்லோரும் கேட்காத மாதிரி இருப்போம். அதுதான் நாகரிகம்.

ஜப்பானியர்கள் இதை நாகரிகத்திடம் விட்டுவைக்கவில்லை. சங்கடத்தை மறைக்கப் பெண்கள் திரும்பத் திரும்ப ஃபிளஷ் செய்ததில் தண்ணீர் வீணாவதைக் கண்டு, டோட்டோ நிறுவனம் 1988-ல் 'ஓடோஹிமே' என்ற கருவியைக் கொண்டுவந்தது. பொத்தானை அழுத்தினால் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் வரும். தண்ணீர் வராது!

அதே ஜப்பானில் தடுப்பையே கேலி செய்கிற மாதிரி இன்னொன்று. டோக்கியோவின் ஷிபுயா பகுதிப் பூங்காக்களில் 2020-ல் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் கட்டிய கழிவறைகளின் சுவர் வண்ணக் கண்ணாடி. வெளியிலிருந்து உள்ளே முழுக்கத் தெரியும். சுத்தமா, உள்ளே யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு நுழையலாம். தாழ்ப்பாள் போட்டதும் கண்ணாடி மங்கி மறைத்துவிடும். குளிர்காலத்தில் மங்குவதற்குக் கொஞ்சம் நேரமெடுத்ததால் அந்த வித்தையை நிறுத்திவைக்க வேண்டி வந்தது. தைரியம் என்றால் அது தைரியம்!

எந்த அறைக்குப் போவீர்கள்?

பத்து அறையும் காலி. நீங்கள் எதற்குள் நுழைவீர்கள்? கலிஃபோர்னியாவில் நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற உளவியலாளர், ஒரு கடற்கரைப் பொதுக் கழிவறையில் எந்த அறையில் டாய்லெட் பேப்பர் அதிகம் தீர்கிறது என்று துப்புரவாளரிடம் கணக்கு வாங்கினார். ஆய்வு 1995-ல் வெளியானது. தீர்ந்த உருளைகளில் 60 சதவீதம் நடு அறைகளிலிருந்து வந்தவை. ஓரத்து அறைகளுக்கு 40 சதவீதம்தான்.

ஃபிட்டருக்கு இந்தக் கணக்கைச் சொன்னேன். அவருக்குப் பேப்பரில் அக்கறையில்லை. "அப்போ நடு ரூம் கீல்தான் முதல்ல தேயும்னு சொல்லுங்க" என்றார். தொழில் புத்தி!

உப்பு, ஆசிட், பேனா

பலகை தோற்பது அபூர்வம். தோற்பது பெரும்பாலும் அதைப் பிடித்திருக்கிற திருகும் கீலும்தான். காம்பேக்ட் பலகையை மரமென்று நினைத்துச் சாதா ஸ்க்ரூவை முறுக்கினால் பிடிப்பு நிற்காது, நாளடைவில் லூசாகும். முழுதாகத் துளை போட்டு, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு போல்ட் மாட்டினால்தான் கெட்டி. போல்டின் தலையில் நட்சத்திரக் குழி, அதன் நடுவில் ஒரு முளை. சாதா ஸ்க்ரூ டிரைவர் அதில் இறங்காது. பொழுதுபோகாமல் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் கைவேலைக்கு முன்கூட்டியே போட்ட பூட்டு இது.

அடுத்த எதிரி துரு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. கடற்கரைக் காற்றின் உப்பும், கழிவறை ஆசிடும், பிளீச்சும் சேர்ந்தால் 304 ரகத்தில் பழுப்புப் புள்ளி விழும், பிறகு குழி விழும். மாலிப்டினம் கலந்த 316 ரகம் கூடுதலாகத் தாங்கும், விலையும் கூடுதல். கண்ணாடி இழை கலந்த நைலான் கீல்களும் உண்டு, அவற்றுக்குத் துரு என்ற கவலையே இல்லை. சென்னையில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆபீஸ் வைத்துக்கொண்டு கீலில் மிச்சம் பிடிக்கிறவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவதைத் தவிர வழியில்லை.

நிறத்துக்கும் ராசி உண்டு. கறுப்பு, கருநீலம் எடுத்தால் போர் தண்ணீரின் உப்புத் துளி வெள்ளை வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும். வெள்ளை எடுத்தால் பேனா எழுத்து பளிச்சென்று தெரியும். நடுவாந்தர சாம்பல், மரவரி, சொரசொரப்பு மேற்பரப்பு ஆகியவைதான் நிம்மதியான தேர்வு. சொரசொரப்பில் பேனா ஓடாது, காதல் கடிதமும் நீளாது.

இதையெல்லாம் யோசிப்பவர்கள்கூடச் சட்டென்று மறந்துவிடுகிற ஒன்று கொக்கி. ஹேண்ட்பேக், துப்பட்டா, லேப்டாப் பை, சில நாள் தூக்கிச் செருக வேண்டிய புடவைத் தலைப்பு. ஈரத்தரையில் எதை வைப்பது? கதவின் உள்பக்கம் ஒரு கெட்டியான கொக்கி, அதன் முனையில் ஒரு ரப்பர் மூக்கு. கதவு முழுக்கத் திறந்து பக்கப் பலகையில் மோதும்போது அந்த மூக்கு அடியை வாங்கிக்கொள்ளும். ஒரே துண்டில் இரண்டு உத்தியோகம். செல்போனுக்கு ஒரு சின்னத் தட்டும் இருந்தால், அந்த ஆபீஸில் ஒரு பெண்மணி பிளான் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஒரு ரூபாய்ச் சாவி

மறுநாள் பத்து அறையும் தயார். ஒப்படைக்கும் முன் கடைசிப் பரிசோதனை. சைட் இன்ஜினீயர் தம்பி ஒவ்வோர் அறைக்குள்ளும் போய்த் தாழ்ப்பாள் போட வேண்டும். வெளியே அண்ணன் குனிந்தும் நிமிர்ந்தும் இடுக்கு பார்ப்பார். கதவின் வெளிப்பக்கத்து வட்டம் பச்சையிலிருந்து சிவப்பாக மாற வேண்டும். தாழ்ப்பாளின் நாக்கு முட்டாமல், தேடாமல், ஒரே திருகில் குழிக்குள் விழ வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீல் இறங்கினாலே நாக்கு குழியைத் தவறவிடும். ஊரெங்கும் தாழ்ப்பாள் விழாத கதவுகளின் கதை அதுதான். நாம் திட்டுவது தாழ்ப்பாளை, தப்பு செய்தது கீல்.

ஒன்பது அறை பாஸ். பத்தாவதில் உள்ளே போன தம்பி வேண்டுமென்றே பூட்டிக்கொண்டு, "அண்ணே, நான் மயங்கிட்டேன்!" என்று அறிவித்தார். இதுவும் பரிசோதனையில் ஒரு பகுதிதானாம். வெளிப்பக்கத்தில் சிவப்பு வட்டத்தின் நடுவே ஒரு கீறல் இருக்கும். அதில் ஒரு நாணயத்தைச் செருகித் திருப்பினால் எந்தச் சாவியும் இல்லாமல் பூட்டு திறந்துவிடும். ஆபத்துக்கு உதவ உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள்.

"காசு குடுங்க மேடம்" என்று அண்ணன் கையை நீட்டினார். பையைத் துழாவினேன். கார்டு இருக்கிறது, போன் இருக்கிறது, காசு இல்லை. வாட்ச்மேனிடம் இல்லை. டைல்ஸ் துடைத்துக்கொண்டிருந்த அக்காவிடமும் இல்லை. ஜிபே யுகத்தில் ஒரு முழுக் கட்டடத்திலும் ஒரு ரூபாய் இல்லை! உள்ளே மயங்கிக் கிடந்தவர், "நானே திறந்துக்கவா?" என்று கேட்கும் நிலை வந்துவிட்டது.

அண்ணன் சிரித்துக்கொண்டே டூல் பையின் அடியிலிருந்து ஓர் ஒற்றை ரூபாயை எடுத்தார். ஒரு திருகு. சிவப்பு பச்சையானது. "எந்த சைட்டுக்குப் போனாலும் இதைத்தான் முதல்ல எடுத்து வைப்பேன். இப்பல்லாம் எவன்கிட்டயும் சில்லறை கிடையாது" என்றார்.

ஆகவே, அலுவலகப் பராமரிப்பைக் கவனிக்கும் அன்பர்களே, பலகையின் தடிமன், கீலின் ரகம், கொக்கியின் உயரம் எல்லாவற்றையும் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். கூடவே ரிசப்ஷன் டிராயரில் ஒரு ரூபாய் நாணயம் ஒன்றைப் போட்டு, 'இது டீக்கு இல்லை' என்று ஒரு சீட்டு ஒட்டிவையுங்கள்.